சைக்கிள் ஏறிய சீமாட்டிகளும் யாம் வரைந்த படமும்

எம் தோட்டத்துப் பழைய பங்களாவைச் சென்ற ஆண்டு பிரித்துவிட்டார்கள். வெள்ளைத் துரைமார் அதில் வாழ்ந்த காலம் போய் நெடுநாளாயிற்று. பின்னர் வந்த மானேஜர்கள் புதிய வீட்டிற்குக் குடிபோய்விட்டபடியால், பல்லிகளும் வௌவால்களுமே அதன் சொந்தக்காரர்களாயிருந்தன. சாமான் கணக்கு எடுக்கும் பொறுப்பு ஆபீசுக் கிராணியாகிய எம் தலையில் விழுந்தது. உடைந்த நாற்காலி இத்தனை, துருப்பிடித்த விளக்கு இத்தனை என்று எழுதிக்கொண்டு போகையில், படிக்கட்டின் கீழிருந்த அலமாரியில், கறையான் அரித்தது போக எஞ்சிய சில புத்தகங்களும், சணற்கயிற்றால் கட்டிய பழைய செக்ரோல் கட்டுகளும் கிடைத்தன. எல்லாவற்றையும் எரித்துவிடும்படி உத்தரவு. யாமோ புத்தகங்களுள் ஒன்றையும் செக்ரோல் கட்டுகளுள் ஒன்றையும் வீட்டிற்குக் கொண்டுவந்துவிட்டோம். திருட்டுத்தான்; ஆயினும் நெருப்பின் வாயிலிருந்து திருடியது. புத்தகத்தை எடுத்த காரணம் ஆசை. செக்ரோலை எடுத்த காரணத்தைப் பின்னர்ச் சொல்லுவோம்.

அப்புத்தகம் ‘பஞ்ச்’ என்னும் விகட வார இதழின் 1895-ஆம் ஆண்டுத் தொகுதி. 1841-ல் லண்டன் மாநகரில் தொடங்கப்பெற்று, இடையில் ஒருமுறை மூச்சு நின்று மீண்டெழுந்து, 2002-ல் அடியோடு மறைந்துபோன பத்திரிகை அது. ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற எமக்கு அதன் பெயர் புதிதன்று. எம் ஆசிரியர் ஒருவர், ஆங்கிலேயனின் நகைச்சுவையை அறிய வேண்டுமாயின் ‘பஞ்ச்’ படிக்க வேண்டுமென்று அடிக்கடி சொல்லுவார். அவர் சொல்லை நம்பி அன்றிரவே விளக்கடியில் அமர்ந்து ஏடுகளைப் புரட்டினோம். மெய்யாகவே சிரிப்பு வந்தது. ஆயின், சிரிப்பு வந்த பக்கங்களிற் பல, ஒரே பொருளைப் பற்றியனவாயிருந்தன. பெண்கள் சைக்கிள் ஓட்டுவதே அப்பொருள்.

ஒரு படத்தில் இரு நங்கையர் உரையாடுகிறார்கள். ஒருத்தி சைக்கிள் ஓட்டுவதற்குரிய கால்சட்டை அணிந்து மிடுக்காக நிற்கிறாள். மற்றவள், உன்னிடம் சைக்கிளே இல்லையே, இவ்வுடை எதற்கு என்று கேட்கிறாள். சைக்கிள் இல்லாவிட்டால் என்ன, தையல் இயந்திரம் இருக்கிறதே என்பது விடை. அஃதாவது, வண்டி வெறும் சாக்கு. கால்சட்டை மீதுதான் இவர்களுக்கு மோகம் என்று ஓவியன் சொல்லுகிறான். அதே காலத்து மற்றொரு ‘பஞ்ச்’ படத்தில், சைக்கிள் உடையோடு கோயில் வாயிலுக்கு வந்த பெண்களைப் பார்த்துப் பாதிரியார் பேசுகிறார்: ஆடவர் கோயிலுக்குள் வருகையில் தொப்பியைக் கழற்றுவது வழக்கமாயிற்றே என்று. கண்ணியமுள்ள ஆடவர் என்று கூடத் தாம் சொல்லவில்லை என இடையில் ஒரு குத்தும் உண்டு. கோடுகள் ஒவ்வொன்றும் அழகு. பாதிரியாரின் முகத்திலுள்ள இனிப்புப் பூசிய கடுமையை அந்த ஓவியன் எவ்வளவு குறைந்த மையிற் கொண்டுவந்துவிட்டான்! யாமும் சிறிது படம் வரையத் தெரிந்தவராதலின், அந்தக் கை எம்மை மயக்கியது. இதை மறைப்பதில் பயனில்லை.

இப்படங்கள் ஏன் அந்த ஆண்டில் அவ்வாறு குவிந்தன என்பதை அறிய, வண்டியின் கதையைச் சற்றே சொல்லவேண்டும். 1817-ல் ஜெர்மனியில் கார்ல் வான் டிரைஸ் என்பவர் இரு சக்கரங்களை ஒரு கட்டையில் இணைத்து, அதன்மேல் அமர்ந்து காலால் தரையை உந்தி ஓடும் பொறியைச் செய்தார். மிதிகட்டையும் இல்லை, சங்கிலியும் இல்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அது லண்டனை அடைந்தது. டெனிஸ் ஜான்சன் என்னும் வண்டித் தச்சர் அதனைத் திருத்தி விற்றார். 1819-ல் பாவாடை கட்டிய பெண்களும் ஏறி அமர ஏதுவாக நடுக்கட்டை தாழ்ந்த வண்டி ஒன்றையும் செய்தார். அந்த ஆண்டே லண்டன் அச்சுக்கடைகளின் கண்ணாடிச் சன்னல்களில் வண்ணம் தீட்டிய விகடப்படங்கள் தொங்கின. அவற்றுட் பெரும்பாலன ஆடம்பர ஆடவரைக் கேலி செய்தவை. பெண்களைப் பற்றியனவும் இருந்தன. ஆகவே, வண்டி பிறந்த வேகத்திலேயே கேலியும் பிறந்துவிட்டது எனலாம்.

1868-ல் பிரெஞ்சு நாட்டுப் போர்தோ நகரில் பெண்களுக்கென்றே ஒரு வண்டிப் பந்தயம் நடந்தது. முன்சக்கரத்தில் மிதிகட்டை பூட்டிய, எலும்பை உலுக்கும் கனத்த வண்டிகள் அவை. பிரெஞ்சுப் படப் பத்திரிகை ஒன்று அந்தப் பந்தயத்தைச் செதுக்குப் படமாக வெளியிட்டது. குட்டைப் பாவாடை, தெரியும் கால்கள், காற்றிற் பறக்கும் கூந்தல். கடல் கடந்து அமெரிக்க வாரப் பத்திரிகை ஒன்று அதே படத்தை மறுபடி செதுக்கி வெளியிட்டபோது, பெண்களின் கால்களை ஆடை மூடிவிட்டது. பந்தயத்தில் ஓடியவர்களுக்குத் தெரியாமலே, படத்தில் மட்டும் பாவாடை நீண்டது! இஃது விகடப்படமன்று, செய்திப்படமே. எனினும், எமக்கு என்னவோ அந்தக் காலத்து விகடங்கள் அனைத்திலும் இதுவே பெரிய விகடமாகத் தோன்றுகிறது.

பின்னர் வந்தது, ஆள் உயரம் முன்சக்கரமும் சிறிய பின்சக்கரமுமாக விளங்கிய நெட்டை வண்டி. விழுந்தால் மண்டை உடையும். நீள்பாவாடையோடு அதில் ஏறுவது பெரும்பாலார்க்கு இயலாது. அக்காலத்துச் சீமாட்டிகள் முச்சக்கர வண்டியையே நாடினார்கள். விக்டோரியா மகாராணியாரே 1881-ல் முச்சக்கர வண்டிகள் தருவித்தார். 1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் இரு சக்கரங்களையும் ஏறத்தாழ ஒரே அளவாக்கி, சங்கிலியாற் பின்சக்கரத்தைச் சுழற்றும் ‘ரோவர்’ வண்டியை வெளியிட்டார். இன்று எம் தோட்டத்து லயத்துச் சுவரிற் சாய்த்து வைத்திருக்கும் வண்டியும் அதன் பேரனே. 1888-ல் பெல்பாஸ்ட் நகரிலிருந்த டன்லப் என்னும் மாட்டு வைத்தியர் தம் மகனுடைய முச்சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த ரப்பர் டயரைச் செய்தார். உலுக்கல் போயிற்று, பெண்கள் ஏறினார்கள்.

டயர் என்றவுடன் தோட்டத்து வாசகர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று அறிவோம். அந்த 1888-ஆம் ஆண்டிலேதான் ரிட்லி என்பவர் சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைவராக வந்து, ரப்பர் மரத்தை நடுங்கள் நடுங்கள் என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லத் தொடங்கினார். பித்தர் என்றுகூட அவரை எள்ளினார்கள். 1896-ல் மலாக்காவில் டான் சாய் யான் என்னும் சீனப் பெருமகனார் வாணிபத்திற்காக ரப்பர் நட்டார். லண்டன் பாட்டர்சி பூங்காவிற் சீமாட்டிகள் சைக்கிள் ஓட்டுவது நாகரிகமாயிருந்ததும், ‘பஞ்ச்’ ஓவியர் அவர்களைக் கண்டு நகைத்ததும் அதே இரண்டு மூன்று ஆண்டுகளிலேதான். அச்சீமாட்டிகளின் சக்கரத்தில் உருண்ட ரப்பர் எம்முடையதன்று. அது பிரேசில் காட்டிலிருந்தும், கையிழந்த மக்களின் காங்கோவிலிருந்தும் வந்தது. ஆயினும், அந்தச் சக்கர மோகமும் அதன் பின் வந்த மோட்டார் மோகமும் இல்லையேல், எம் பாட்டன்மார் கப்பலேறியிருக்க மாட்டார்கள். யாமும் செக்ரோல் எழுதிக்கொண்டிருக்க மாட்டோம்.

1895-க்கே திரும்புவோம். கடலுக்கு அப்பால் அமெரிக்காவிலும் இதே கூத்துத்தான். ‘பக்’ என்னும் விகட இதழில் அவ்வாண்டு ஜூன் மாதம் ஆப்பர் என்னும் ஓவியர், புதுமைப் பெண்ணும் அவள் சைக்கிளும் என்று ஒரு பக்கம் நிறைய வரைந்து, அவளில் எத்தனை வகை உண்டாகப் போகிறதோ என்று வகை பிரித்துக் காட்டினார். சில ஆண்டுகள் கழித்து, இரட்டைக் கண்ணாடி வைத்துப் பார்க்கும் ஒளிப்படங்களாகவும் இக்கேலி விற்பனையாயிற்று. அவற்றுள் ஒன்றில், மனைவி சைக்கிளோடு புறப்படுகிறாள்; உன் பொத்தானை நீயே தைத்துக்கொள், யான் உலாவப் போகிறேன் என்பது அதன் தலைப்பின் கருத்து. இன்னொன்றில், கணவன் தொட்டியில் துணி துவைக்கிறான். மனைவி முழங்காற்சட்டையோடு நின்று புகை பிடிக்கிறாள்.

இவ்விடத்தில் யாம் புத்தகத்தை மூடிவிட்டோம். அந்தத் துவைக்கும் கணவனை எமக்கு முன்னரே தெரியும். எங்கும் பார்த்ததில்லை, எம் கையாலேயே வரைந்திருக்கிறோம்.

அப்பொழுது எமக்கு வயது பதினெட்டு. பள்ளியிறுதித் தேர்வு எழுதிவிட்டு, முடிவை எதிர்பார்த்துத் தோட்டத்திற் சும்மா திரிந்த காலம். நாலெழுத்து ஆங்கிலம் தெரியும் என்ற கர்வம் தலையில் ஏறியிருந்தது. எம் லயத்திற்கு அடுத்த லயத்தில் ஓர் அம்மையார் இருந்தார்; எம் அன்னையோடு ஒரே வெட்டுக்காட்டில் மரம் வெட்டியவர். யாம் அவரைச் சின்னம்மா என்றே அழைப்போம். நாற்பது வயதை நெருங்கியவர். பழைய மரங்களைச் சாய்த்து விட்டபடியால், அவருக்கு நான்கு மைலுக்கு அப்பாலிருந்த புதுக் காட்டில் நிரை கொடுத்தார்கள். லாரி போகும் பாதை அங்கே இல்லை. விடியுமுன் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, வாளியும் உளியுமாக அவ்வளவு தூரம் நடக்கவேண்டும். ரப்பர் மரம் வெயிலுக்கு முன் வெட்டினாற்றான் பால் நிறையச் சுரக்கும். வெயில் ஏற ஏறப் பால் சுருங்கிப்போம் என்பது நம்மவர்க்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நடந்து போகிறவளின் பால் கணக்கு வண்டியிற் போகிறவனின் பால் கணக்கைவிடக் குறைந்தே இருக்கும்.

அவர் கணவர் அப்பொழுதுதான் பட்டணத்து ஆலையொன்றில் இரவு வேலைக்கு மாறியிருந்தார். ஆலை வண்டியே வந்து அழைத்துப் போகும். ஆகையால் வீட்டிலிருந்த ஆண்பிள்ளை சைக்கிள் சும்மா நின்றது. மாலையில், வேலைக்குப் புறப்படுமுன், அந்தக் கணவரே பந்துத்திடலில் மனைவியை ஏற்றி, ஆசனத்தின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுவார். அம்மையார் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, கைலி ஒன்றை அதன்மேற் சுற்றிக்கொண்டு மிதிப்பார். இரண்டு முறை சாக்கடையில் விழுந்தார். மூன்றாம் வாரம் புதுக் காட்டிற்கு வண்டியிலேயே போய் வந்தார். கைப்பிடியில் வாளி ஊசலாட, செம்மண் சாலையில் அவர் திரும்பி வருவதை யாம் திண்ணையிலிருந்து பார்த்திருக்கிறோம்.

எம் தோட்டத்து வாலிபர்கள் பொங்கலுக்கு ஒரு கையெழுத்துப் பத்திரிகை வெளியிட்டு, அதன் ஏடுகளை மன்றத்துச் சுவரில் வரிசையாக ஒட்டுவது வழக்கம். அவ்வாண்டு விகடப் பகுதி எம் பொறுப்பு. யாம் வரைந்தது இது: ஒரு பெரிய அம்மாள், வேட்டி தார்ப்பாய்ச்சிக் கட்டி, வாயில் சுருட்டோடு சைக்கிளில் பறக்கிறாள். பின்னால் ஒரு மெலிந்த ஆண்பிள்ளை, இடுப்பிற் குழந்தை, தலையிற் பால்வாளி, கையிற் சோப்புக்கட்டியோடு ஓடிவருகிறான். முகங்கள் யார் முகங்கள் என்று எல்லார்க்கும் தெரியும். அதன் கீழே ஏதோ ஓர் அடுக்குமொழியும் எழுதினோம். அதை இங்கே எழுத நாணமாயிருக்கிறது.

சிரிக்காதவர் இல்லை. பெரிய கிராணியார் எம் முதுகில் தட்டிக்கொடுத்தார். கங்காணியார் பேரப்பிள்ளைகளை அழைத்துவந்து காட்டினார். பெண்களும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். சின்னம்மா வந்து பார்த்தாரா என்பது அன்று எமக்குத் தெரியாது. பொங்கல் கழிந்த நான்காம் நாள் முதல் அவர் நடந்துதான் வேலைக்குப் போனார். வண்டியைக் கணவர் விற்றுவிட்டதாகச் சொன்னார்கள். யாம் அதை எம் படத்தோடு சேர்த்து எண்ணவேயில்லை. தேர்வு முடிவு வந்தது. வேறு ஊருக்குப் போனோம். வேறு தோட்டங்களிற் சின்னக் கிராணியாயிருந்து, பல ஆண்டுகள் கழித்துச் சொந்தத் தோட்டத்து ஆபீசுக்கே வந்து சேர்ந்தோம்.

பங்களா அலமாரியில் அந்த ஆண்டுச் செக்ரோல் கட்டைக் கண்டதும் கை தானாக நின்றது. அப்பெயரைத் தேடினோம். செக்ரோல் எழுதுகிறவனுக்கு ஒரு பெயரின் மேல் வரிசையாக விரல் ஓட்டினால் ஒரு வாழ்க்கையே தெரிந்துவிடும். அவ்வம்மையார் வண்டியிற் போன வாரங்களில் எல்லா நாளும் முழுப்பேர். பால் நிறையும் காட்டிலிருந்த ஆடவருக்கு நிகராக இருந்தது. பொங்கலுக்குப் பின் வந்த மாதத்தில் ஏழு அரைப்பேர். அதற்கடுத்த மாதம் ஒன்பது. பால் நிறை சரிந்துகொண்டே போயிற்று. ஓரிடத்தில், காலதாமதம் என்று பெரிய கிராணியார் தம் அழகிய கையெழுத்திற் குறித்திருந்தார். எம் முதுகில் தட்டிய அதே கை.

யாம் ‘பஞ்ச்’ பார்த்ததில்லை, ‘பக்’ பார்த்ததில்லை. அமெரிக்க ஒளிப்படம் பார்த்ததில்லை. அப்படியிருக்க, அந்தச் சுருட்டும், அந்தத் துவைக்கும் கணவனும் எம் பேனா முனைக்கு எங்கிருந்து வந்தன? எம் சொந்தக் கற்பனை என்று அன்று பெருமைப்பட்டோம். உண்மையில், எம் கை யாரோ இட்ட கோட்டின் மேலேயே ஓடியிருக்கிறது. 1851-ல் அமெரிக்காவில் அமீலியா புளூமர் என்னும் மாது குட்டைப் பாவாடையும் கால்சட்டையுமான உடையைத் தம் பத்திரிகையிற் பரிந்துரைத்தபோது, ‘பஞ்ச்’ இதழில் ஜான் லீச் என்னும் ஓவியர் எத்தனையோ படங்கள் வரைந்தார். அப்பொழுது பெண் ஏற சைக்கிளே இல்லை. சைக்கிளை வைத்துக்கொண்டு கேலி செய்தார்கள் என்று நாம் எண்ணுகிறோம். கேலி முன்பே வந்து, சைக்கிளுக்காக நாற்பது ஆண்டுகள் காத்திருந்தது போலும்.

இப்படங்களிற் பெண்ணைக் காட்டிலும் கூர்ந்து நோக்கத்தக்கவன், பின்னால் நிற்கும் அந்த ஆடவன். அடி விழுவது அவன் மேலேதான். மனைவியை ஏறவிட்டாயே, நீ ஆண்பிள்ளையா என்பதே படத்தின் பேச்சு. சின்னம்மாவுக்கு வண்டி பழக்கியவர் அவர் கணவர். ஆலையிலும் கடைத்தெருவிலும் அவரைப் பார்த்துச் சோப்புக்கட்டி எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். பத்து நாள் பொறுத்தார். பின்பு வண்டியை விற்றார். அதாவது, எம் படம் பெண்ணை இறக்கவில்லை. பிடித்துக்கொண்டு ஓடிய கையைத் தளர்த்தியது.

படம் வெறும் படந்தானே என்பார்க்கு, கேம்பிரிட்ஜில் நடந்ததைச் சொல்லுவோம். அங்கே பெண்கள் கல்லூரிகளிற் பயின்று தேர்வெழுதலாம். பட்டம் மட்டும் கிடையாது. பட்டம் வழங்கலாமா என்று 1897-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள் வாக்கெடுத்தார்கள். அன்று வாக்குச் சாவடியாகிய செனட் மாளிகைக்கு எதிரே, மாடிச் சன்னலிலிருந்து ஒரு பொம்மையைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள் மாணவர்கள். என்ன பொம்மை? புளூமர் அணிந்து சைக்கிள் ஏறிய பெண். படித்த பெண்ணைக் கேலி செய்யப் புத்தகத்தைத் தொங்கவிடவில்லை பாருங்கள், சைக்கிளைத் தொங்கவிட்டார்கள்! வாக்குகள் ஆதரவாக ஏறத்தாழ 660, எதிராக 1700-க்கு மேல். வெற்றிக் களிப்பில் அந்தப் பொம்மையை இறக்கித் தலையைப் பிய்த்து, உடலைக் கிழித்து, நியூனம் என்னும் பெண்கள் கல்லூரி வாயிலிற் கொண்டுபோய்த் திணித்தார்கள். விகடப்படம் தாளிலிருந்து தெருவிற்கு இறங்கினால் இப்படித்தான் இறங்கும் போலும். கேம்பிரிட்ஜிற் பெண்கள் முழுப்பட்டம் பெற்றது 1948-ல், இடையில் ஐம்பத்தோராண்டு.

எனினும், அச்சீமாட்டிகள் வண்டியைவிட்டு இறங்கவில்லை. 1893-ல் பிரைட்டன் ஊர்ப் பதினாறு வயதுச் சிறுமி டெஸ்ஸி ரெனால்ட்ஸ், ஆண்பிள்ளை வண்டியில், முழங்காற்சட்டையோடு லண்டன் போய்த் திரும்பினாள். எட்டரை மணி நேரத்திற்குச் சற்று மேல். பத்திரிகைகள் கூச்சலிட்டன. ஹார்பர்ட்டன் பிரபு மனைவியார் 1881-லேயே பகுத்தறிவு உடைச் சங்கம் கண்டவர். 1898-ல் சர்ரே நாட்டு ஓட்டல் ஒன்றில் இவ்வுடையோடு நுழைந்ததற்காக, காப்பி அறையில் உணவில்லை, சாராய அறைக்குப் போம் என்றார்கள். வழக்கு நடந்து 1899-ல் ஓட்டல்காரியே வென்றார். பிரான்சிஸ் வில்லார்டு என்னும் மதுவிலக்குத் தலைவி தமது ஐம்பத்து மூன்றாம் வயதில் வண்டி பழகி, அதற்கு ‘கிளாடிஸ்’ என்று பெயரிட்டு, 1895-ல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

எமக்குப் பிடித்தவர் வேறொருவர். மூன்று குழந்தைகளின் தாயாகிய ஆன்னி கோப்சோவ்ஸ்கி என்னும் யூத மாது, 1894 ஜூனில் பாஸ்டன் நகரிலிருந்து உலகைச் சுற்றிவரப் புறப்பட்டார். லண்டன்டெரி என்னும் ஊற்றுநீர்க் கம்பெனியார் நூறு டாலர் கொடுத்துத் தங்கள் விளம்பரப் பலகையை வண்டியில் மாட்டச் செய்தபடியால், அவர் பெயரே ஆன்னி லண்டன்டெரி ஆகிவிட்டது. புறப்படும்போது பாவாடை, வழியில் புளூமர், பின்னர் ஆண்பிள்ளை உடை. பெரும்பகுதி கப்பற் பயணந்தான். அவர் சொன்ன கதைகளிற் பல கட்டுக்கதைகள். இருந்தாலும் என்ன! 1895-ன் தொடக்கத்திற் கொழும்பு வழியாகச் சிங்கப்பூர்த் துறைமுகத்திலும் அந்தச் சைக்கிள் வந்து இறங்கியது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நம்மவர் எவரேனும் அன்று அவரைப் பார்த்திருப்பாராயின், என்ன நினைத்திருப்பார் என்று எண்ணிப் பார்ப்பது எமக்கு ஒரு பொழுதுபோக்கு.

ஆங்கில விகடப்படங்கள் தோற்ற காரணம் தெளிவு. ஓட்டியவர்கள் பல்லாயிரவர், காசுள்ளவர்கள், அவர்களுக்கென்றே வண்டி செய்யும் ஆலைகள், உடை தைக்கும் கடைகள், பரிந்து எழுதும் ஏடுகள். சில ஆண்டுகளில், படம் வரைந்தவர்களின் பெண்களே ஏறிவிட்டிருப்பார்கள். எம் சின்னம்மாவோ ஒருவர். அந்தத் தோட்டத்தில் அன்று அவரைத் தவிர வண்டி ஏறிய நடுவயதுப் பெண் இல்லை. சுவரில் ஒட்டிய ஒரு தாள் போதுமானதாயிருந்தது.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டிற்குப் போனோம். இப்பொழுது பட்டணத்து ஓரத்தில் மகளோடு இருக்கிறார். கணவர் காலமாகிவிட்டார். முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வாசற்படியில் அமர்ந்திருந்தவர், “வா தம்பி, ஆபீசு நடக்கிறதா?” என்றார். தேநீர் வந்தது. என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல், படங்களைக் காட்டினோம். பாதிரியார் படத்திற்கு விளக்கம் சொன்னவுடன் வாய்விட்டுச் சிரித்தார். தையல் இயந்திரப் படத்திற்குச் சிரிக்கவில்லை; “அந்தக் காலத்திலேயே வீட்டில் மெஷின் இருந்ததா?” என்று மட்டும் கேட்டார்.

பிறகு யாமே சொன்னோம்: “சின்னம்மா, பொங்கலுக்கு அன்று மன்றத்திலே அந்தப் படம் போட்டது நான்தான்.”

“அது தெரியாதா? உன் அம்மாவே அன்று சொல்லிவிட்டாள்.”

“உங்கள் அரைப்பேர்க் கணக்கை இப்போதுதான் பார்த்தேன்.”

அவர் இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போய் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு புத்தகத்தை மறுபடி வாங்கி, சைக்கிள் வரைந்த இடத்தில் விரலை வைத்து மெல்ல ஓட்டினார்.

“இந்த வெள்ளைக்காரன் ஒழுங்காய்ப் போட்டிருக்கிறான் தம்பி. நீ போட்ட வண்டிக்குச் செயினே இல்லை. ராத்திரி விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். செயின் இல்லாமல் எப்படி மிதிக்கிறது?”

யாம் தலைகுனிந்து, “மறந்துபோச்சு, சின்னம்மா,” என்றோம்.

“மாமாவுக்கு அதுதான் ரொம்ப வருத்தம். செயினுக்கு அன்று காலையில்தான் எண்ணெய் போட்டிருந்தார்.”

பேத்தி பள்ளியிலிருந்து வந்ததும் காட்டவேண்டும், அடுத்த ஞாயிறு வரை இது இங்கேயே இருக்கட்டும் என்றார். புத்தகத்தை அவரிடமே விட்டு வந்தோம்.